பாட்டியின் சிவப்பு ஐ.சியும் என்னுடையதும்

ஊரிலிருந்து வரும் போன்களில் பாதி கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்: "அண்ணே, மலேசியாவுல பி.ஆர். வாங்க எவ்வளவு ஆகும்?" திருநெல்வேலியில் கூடப் படித்தவர்களின் தம்பிகள், தங்கை வீட்டுக்காரரின் சிநேகிதர்கள், முன்பின் தெரியாதவர்கள் என்று யார் யாரோ கேட்கிறார்கள். ஏதோ ஒரு தொகை இருக்கிறது, கட்டினால் நிரந்தரவாசி என்ற அட்டை வந்துவிடும் என்ற நினைப்பு.

தொகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 20 லட்சம் அமெரிக்க டாலரை மலேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, ஐந்து ஆண்டுக்கு அதைத் தொடாமல் இருக்க முடிந்தவர் முதலீட்டாளர் என்ற பெயரில் விண்ணப்பிக்கலாம். அப்படிப்பட்டவர் யாரும் எனக்குப் போன் செய்ததில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சுவது என்னவென்றால், அரசு முகமை ஒன்று பரிந்துரைக்கும் அளவுக்குப் பெரிய நிபுணராக இருப்பது, அல்லது புள்ளிக் கணக்கில் தேறுவது, அல்லது மலேசியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் இங்கேயே குடும்பம் நடத்துவது. நான் கடைசி வகை.

கேட்கிறவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று 2002 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. அது நீண்ட கால விசா, பி.ஆர். அல்ல. 2021இல் அதற்கு மாதம் 40,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானமும் 10 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் வேண்டும் என்று இறுக்கினார்கள். இப்போது சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இன்னொன்று வரி. ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே வருமான வரிக் கணக்கில் நீங்கள் 'ரெசிடென்ட்'. அதற்கும் குடிநுழைவுத் துறை தரும் நிரந்தரவாசத் தகுதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வரி கட்டுகிறோமே, பி.ஆர். தர மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிப்போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பி.ஆர். என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பரிசு. அதையே பினாங்கில் என் மனைவி வீட்டில் சொன்னால் சிவப்பு ஐ.சி. மலேசியாவில் குடிமக்களின் அடையாள அட்டை (ஐ.சி.) நீலம், நிரந்தரவாசிகளுடையது சிவப்பு, தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவர்களுடையது பச்சை. 'சிவப்பு ஐ.சி.' என்ற சொல் காதில் விழுந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு அது வேறு கதை.

நான் 2006இல் வேலைக்காக பாயான் லெப்பாஸ் வந்தவன். பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் தொழிற்பேட்டை அது. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் போட்டது இங்கேதான். அதன் பிறகு சில்லு, வட்டு, மருத்துவக் கருவி என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். என்னைப்போன்ற பொறியாளர்களுக்குத் தருவது வேலை அனுமதி, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ். பாஸ்போர்ட்டில் ஒட்டும் அந்தத் தாளில் என் பெயர் இருக்கும், கம்பெனியின் பெயரும் இருக்கும். பிடி யார் கையில் என்பதற்கு அந்த இரண்டாவது பெயரைப் பார்த்தால் போதும். கம்பெனியை விட்டால் அனுமதி ரத்து. வேறு கம்பெனிக்குப் போனால் முதலிலிருந்து மறுபடியும்.

இதன் கனம் மாதச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை தெரியாது. எங்கள் பிரிவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். மேலாளர் அவரைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேவலமாகப் பேசினார். அன்றைக்குச் சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, "நாளைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன், ஆனா பொண்ணு ஸ்கூல் வருஷம் பாதியில இருக்கு" என்றார். ராஜினாமா செய்தால் அவர் மட்டும் போக முடியாது, குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். அந்த ஆண்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு சிங்கப்பூர் போனார்.

2011இல் திறன்மிக்க வெளிநாட்டவருக்கென்று பத்தாண்டு அனுமதி ஒன்று வந்தது. ரெசிடென்ஸ் பாஸ் டேலன்ட் என்று பெயர். அதன் சிறப்பே அது முதலாளியோடு கட்டப்படாதது என்பதுதான். வேலை மாறினாலும் அனுமதி உங்களோடு வரும். ஆனால் இப்போதைய கணக்கில் மாதம் 15,000 ரிங்கிட் சம்பளம் வாங்க வேண்டும். அந்த உயரத்தை அன்றைக்கு நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

2010இல் கல்யாணம். மனைவி பட்டர்வொர்த்காரர். மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கும் குடும்பம். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் கேட்டது ஜாதகம். இங்கே பதிவுக்குக் கேட்டது நான் வேறு யாரையும் கட்டியிருக்கவில்லை என்பதற்கான சான்று. இரண்டும் பொருந்திய பிறகு கோயிலில் தாலி கட்டினேன், 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவும் ஆயிற்று. அடுத்த ஆண்டு வேலை அனுமதியை விட்டுவிட்டு, மலேசியரின் வாழ்க்கைத்துணைக்கான நீண்ட கால வருகை அனுமதிக்கு மாறினேன். அதில் வேலை செய்யத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கினேன்.

முதலாளியின் பிடி விட்டது என்று மூச்சு விட்டுக்கொண்டு கவுண்ட்டரில் போய் நின்றால், அதிகாரி தலையைத் தூக்காமல் கேட்ட முதல் கேள்வி: "பெனாஜா மானா?" பொறுப்பேற்பவர் எங்கே என்று அர்த்தம். பொறுப்பேற்பவர் பக்கத்தில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அதாவது என் மனைவி. அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் கூடவே வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இவர் என் பொறுப்பு என்று பிணைப்பத்திரம் தர வேண்டும். ஊரில் மாப்பிள்ளை என்றால் கட்டிலில் உட்காரவைத்துக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே மாப்பிள்ளைக்குப் பெண் ஜாமீன். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால், "அடுத்த மாசம் ரினியூவல் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்பார் அவர். சிரித்துவிடுவோம்.

சிரிக்க முடியாதவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் கல்யாணமாகி வந்த பெண்கள். கணவன் வந்து நின்றால்தான் அனுமதி. வர மாட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அடிக்கிற புருஷன் கையில் சட்டமே ஒரு பிரம்பை எடுத்துக் கொடுத்ததுபோல ஆகிவிடுகிறது. கணவன் வராததால் காலாவதியான பாஸ்போர்ட்டோடு உறவினர் வீட்டில் ஒளிந்து கிடந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள், பெற்றவள் சட்டவிரோதக் குடியேறி. வெளிநாட்டுத் துணைவர்களுக்காகப் பேசும் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான்: அனுமதி அந்தப் பெண்ணின் பெயரில் தனியாக நிற்கட்டும், கணவனின் பெயரோடு கட்டாதீர்கள். நியாயமான கோரிக்கை. இதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பி.ஆர். எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால் இதுதான் பதில். தங்குவதற்கு எனக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. யார் கையெழுத்தில் தங்குகிறேன் என்பதுதான் உறுத்தியது. முதலில் கம்பெனி, பிறகு மனைவி. யாருடைய கையெழுத்தும் தேவைப்படாத ஒரு தாள் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அப்போதிருந்த விதிப்படி துணைவர் அனுமதியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். 2016இல் விண்ணப்பித்தேன். குடிநுழைவுச் சட்டத்தின் மொழியில் பி.ஆர். என்ற பெயரே கிடையாது. அங்கே அது 'பெர்மிட் மாசோக்', நுழைவு அனுமதி. பத்து வருடமாக உள்ளே இருப்பவன் நுழைவதற்கு விண்ணப்பிக்கிறான்!

ஆவணம் சேர்த்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பம் என்பதே அதுதான். திருமணச் சான்று, இருவரின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, சம்பளத் தாள், வருமான வரி ரசீது, பிள்ளையின் பிறப்புச் சான்று, நீலப் பின்னணியில் எடுத்த படம், எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்போர்ட். இப்போதைய பாஸ்போர்ட் மட்டும் போதாது, காலாவதியாகி முனை வெட்டப்பட்டவையும் வேண்டும். எந்தத் தேதியில் வெளியே போனாய், எந்தத் தேதியில் திரும்பினாய் என்பதெல்லாம் அந்த முத்திரைகளில்தான் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். என்னுடையது என் அம்மாவிடம் பத்திரமாக இருந்தது. ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரத்தோடு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தம்பி கூரியரில் அனுப்பினான்.

லைட் ஸ்ட்ரீட்டில் உயர்நீதிமன்றம் இருக்கும் பக்கம் சத்தியப்பிரமாண ஆணையர்கள் சிலர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். 'பெசுருஜாயா சும்பா' என்று பலகை தொங்கும். அங்கே ஒரு சீன முதியவர். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசைமேல் கல்கண்டு போட்ட சாமந்திப்பூத் தண்ணீர். என் உறுதிமொழித் தாளை நான் எடுத்து நீட்டியதும் முத்திரையில் கை வைக்கவில்லை. "படிச்சியா?" என்றார் மலாயில். படித்தேன் என்றேன். "சத்தமாப் படி" என்றார். நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம் என்று தொடங்கும் அந்த மலாய் வாக்கியத்தை, போட்டோஸ்டாட் எடுக்க வந்த நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்க, நான் சத்தமாகப் படித்தேன். "இப்ப உனக்குத் தெரியும் எதுல கையெழுத்துப் போடுறேன்னு" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சட்டப் பாடம் அது.

நேர்காணல் மலாயில். அதிகாரி ஓர் அம்மா. கையில் பேனாவைச் சுழற்றியபடி, வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள், மாமனார் என்ன வேலை, காலையில் என்ன பசியாறினீர்கள் என்று சாதாரணமாகவே கேட்டார். ருக்குன் நெகாரா சொல்லத் தெரியுமா என்றார். 1970இல் அறிவிக்கப்பட்ட ஐந்து தேசியக் கோட்பாடுகள் அவை. பள்ளிக்கூடச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். மச்சினன் மகள் எனக்குப் பாடம் எடுத்திருந்ததால் தப்பித்தேன். "சிவப்பு கிடைச்சா அடுத்து நீலம் கேப்பீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். "முதல்ல சிவப்பு கிடைக்கட்டும் புவான்" என்றேன். சிரித்தாரே தவிர எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் காத்திருப்பு. கேட்டால் பதில் ஒன்றுதான்: "டாலாம் புரோசெஸ்." பரிசீலனையில் இருக்கிறதாம். எத்தனை காலம் ஆகும் என்பதற்கு வரையறை கிடையாது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, முடிவெடுக்கும் முன் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டியதில்லை என்கிறது. 1997இல் சேர்த்த 59அ, நடைமுறைத் தவறு தவிர வேறெதற்கும் நீதிமன்றம் இதை மறுஆய்வு செய்ய முடியாது என்கிறது. அதாவது இது உரிமை அல்ல, மனம் வைத்தால் தருவது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மனம் கொஞ்சம் அமைதியானது. யாரிடமும் சண்டைக்குப் போக வழியே இல்லாத இடத்தில் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் பாட்டி என் கோப்பைப் பார்த்தார்.

பாட்டி என்றால் என் மாமனாரின் அம்மா. 1938இல் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பிறப்பைப் பதிந்தார்களா, பதிந்த தாள் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்ததா என்பது அவருக்கே தெரியாது. கையில் பிறப்புச் சான்று இல்லை, அவ்வளவுதான். 1948இல் கம்யூனிஸ்ட் கலகத்தால் அவசரகாலம் வந்து, பன்னிரண்டு வயதான எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது பாட்டிக்குப் பத்து வயது. 1957இல் சுதந்திரம். அதற்குமுன் இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம், முதல் ஓராண்டுக்குள் பதிந்தால் மலாய்மொழித் தேர்வுகூட இல்லை என்று சட்டம் இருந்தது. தோட்டத்தில் விடிகாலையில் பால்மரம் வெட்டப் போய், வெயில் ஏறிய பிறகு பால் தூக்கி, அந்தியில் சமைத்துப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு அதை யார் சொல்வது? தோட்டத்து எழுத்தரான கிராணிக்குத் தெரியும். கிராணி தன் குடும்பத்துக்குப் பதிந்துகொண்டார். பாட்டி இதைக் கோபமில்லாமல்தான் சொல்வார்: "அவரு நல்ல மனுசன்தான். எங்க எல்லாருக்கும் எழுதிக் குடுக்க அவருக்கு ஏது நேரம்?"

பதியாமல் விட்டதன் விலை பதினோரு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆயிற்று. 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கிப் பிடித்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகக் கிளம்பினார்கள். பாட்டியின் அண்ணன் குடும்பத்தோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். இங்கேயே பிறந்தவர், அதற்குமுன் இந்தியாவைப் பார்த்தது கிடையாது. ஒன்றிரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் தகவல் இல்லை. பாட்டியின் புருஷனுக்கு பிறை என்ற ஊர்ப் பக்கம் வேலை இருந்ததால் அவர்கள் தங்கினார்கள். கையில் சிவப்பு ஐ.சி. என் மாமனார் பிறந்தது 1960. சுதந்திரத்துக்குப் பின் 1962 வரை இங்கே பிறந்தவர்கள் பிறந்ததாலேயே குடிமக்கள், பெற்றோர் யார் என்று பார்க்கவில்லை. ஆக மகனுக்கு நீலம், பெற்றவளுக்குச் சிவப்பு. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

சிவப்பு ஐ.சி.யோடு பாட்டி வாழ்ந்த விதத்தில் நாடகத்தனமாக எதுவும் இல்லை. யாரும் அவரை விரட்டவில்லை. தேர்தல் அன்று வீட்டில் எல்லாரும் குளித்து, வேட்டி சேலை கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போவார்கள், அவர் வாசலில் உட்கார்ந்து பூ கட்டுவார். மலிவு விலை வீட்டுக்கு மனு போட முடியாது. 2012இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு பிரிம் என்று 500 ரிங்கிட் கொடுத்தபோது, இந்த வீட்டுக்கு மகன் பெயரில் வந்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அவருடைய தோழிக்கும் சிவப்புதான், அந்த அம்மாவுக்கு வரவில்லை. பாட்டிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அண்ணனைத் தேடிப் போகவும் முடியவில்லை.

அந்தப் பாட்டி, என் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்த கோப்பின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னா தம்பி, எங்கிட்ட இருக்குறத வாங்கவா இத்தனை பேப்பரு?"

நான் என்ன சொல்வது? கூலிமில் பிறந்த ஒருவருக்கு எண்பது வருஷ வாழ்க்கைக்குக் கிடைத்ததும், திருநெல்வேலியில் பிறந்த எனக்குப் பத்து வருஷ வேலைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் கிடைக்கப்போவதும் ஒரே அட்டை. எனக்கு அது ஏற்றம், அவருக்கு அது பின்தங்கல். அரசாங்கத்துக்கு இரண்டும் ஒன்று. என்னிடம் இருந்தது தாள், அவரிடம் இல்லாததும் தாள்தான்.

இடையில் 2018 தேர்தலில் ஆட்சி மாறியது. சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் 60 வயதைக் கடந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவோம் என்று வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் மகாதீர் 3,407 பேர் என்று எண்ணிக்கையோடு அறிவித்தார். மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சமூக சேவை செய்யும் ஒருவர் விண்ணப்பப் பாரத்தோடு வீட்டுக்கே வந்தார். பாட்டிக்கு மலாய் நன்றாக வரும். மீன் விலையில் மலாய்க்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர். ஆனால் பாரத்தைத் தொட மறுத்துவிட்டார். 2011இல் ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிய மைடாஃப்தார் இயக்கம் நடந்தபோதும் மறுத்தாராம்.

"நான் இங்கதான் பொறந்தேன். இங்க பொறந்தவ எதுக்குக் கெஞ்சி மனு போடணும்? அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை கண் ஜாடையால் நிறுத்தினார். நான் வாயே திறக்கவில்லை. மேசையில் என் விண்ணப்பத்தின் நகல் கிடந்தது.

பிடிவாதம் என்று சொல்லலாம்தான். பாரம் எழுதியிருந்தால் முதியோர் உதவித்தொகையாவது வந்திருக்கும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சரி இருந்தது. விண்ணப்பிப்பது என்றால் நான் வெளியிலிருந்து வந்தவள் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது. நான் அப்படி வந்தவன், ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது.

2019இல் எனக்குக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் நுழைவு அனுமதி ஒட்டினார்கள். அதைக் கொண்டுபோய்த் தேசியப் பதிவுத் துறையில் கொடுத்து, விரல் ரேகை வைத்து, அட்டைக்குப் பதிந்தேன். அட்டை கைக்கு வந்த அன்றைக்கு மாமா கடையிலிருந்து கோழி பிரியாணி வாங்கி வந்தார். பாட்டி தன் சுருக்குப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "நிறம் ஒண்ணுதான்" என்றார்.

நிறம் ஒன்று, எண் வேறு. மலேசிய அடையாள அட்டை எண்ணில் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கில் பிறந்தால் 07, கோலாலம்பூர் என்றால் 14, கெடா என்றால் 02. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு நாட்டுக்கொரு எண், இந்தியாவுக்கு 75. என் அட்டையின் நடுவில் 75 என்று இருந்தது. சரிதான், நான் இந்தியாவில் பிறந்தவன். பாட்டியின் அட்டையில் 02. அதாவது இந்தப் பெண் கெடாவில் பிறந்தவள் என்று அந்தச் சிவப்பு அட்டையே அச்சிட்டுச் சொல்கிறது. "அவங்களுக்குத் தெரியாதா?" என்று பாட்டி கேட்டதற்கு நான் கண்ட பதில் அந்த இரண்டு இலக்கம். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

சரி, கிடைத்த பிறகு என்ன மாறியது? முதலில் பணம். அப்போதைய விதிப்படி வெளிநாட்டு ஊழியர் ஈ.பி.எஃப். சேமநிதியில் விரும்பினால் சேரலாம். சேர்ந்தாலும் முதலாளி மாதம் 5 ரிங்கிட் போட்டால் போதும். ஐந்தே ரிங்கிட், ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும். நிரந்தரவாசி ஆனதும் குடிமக்களுக்கு உள்ள அதே கணக்கு: 5,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் என்றால் முதலாளி 12 விழுக்காடு, நான் 11 விழுக்காடு. (2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் இரு தரப்பும் 2 விழுக்காடு என்று கட்டாயமாக்கிவிட்டார்கள்.) அடுத்தது வேலை. கம்பெனி மாறினேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மூன்றாவது, மனைவி என்னோடு கவுண்ட்டருக்கு வருவது நின்றது. "இனிமே உங்களை எதை வெச்சு மிரட்டுறது?" என்று கேட்டார்.

மாறாதது என்ன என்பதை 2020 காட்டியது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. செப்டம்பர் 7 முதல் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்று நாட்டுக்காரர்கள் உள்ளே வரத் தடை. அந்தப் பட்டியலில் மாணவர், வேலை அனுமதிக்காரர், துணைவர் அனுமதிக்காரர், அவர்களோடு நிரந்தரவாசிகளும் இருந்தார்கள். அம்மாவுக்கு அந்தச் சமயம் இடுப்பில் அறுவை சிகிச்சை. ஊருக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாது. தம்பிதான் பார்த்துக்கொண்டான். நிரந்தரம் என்று அச்சிட்ட தாளுக்கும் குடியுரிமைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அந்த மாதங்களில் நன்றாகவே அளந்து பார்த்தேன். சாதாரண நாளிலும் வெளிநாடு கிளம்பும்முன் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து போக்குவரத்து சுலபம். அந்த ஒட்டு மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் இங்கே பிறக்கும் குழந்தை குடிமகன் என்று அரசியலமைப்பில் ஒரு வழி இருந்தது. சிவப்பு ஐ.சி.க்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நீலம் வாங்கியது அந்த வழியில்தான். 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் நிரந்தரவாசி என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. அதே திருத்தம்தான், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு, தந்தையருக்கு இருந்த அதே உரிமையைக் கொடுத்தது. ஒரு கதவைத் திறந்துகொண்டே இன்னொன்றைச் சாத்தினார்கள். என் பிள்ளைகளுக்குத் தாய் மலேசியர், அதனால் பாதிப்பில்லை. கணவன் மனைவி இருவருமே சிவப்பு என்றால் இனி பிறக்கும் பிள்ளையின் நிலை என்ன என்று யோசித்தால் பாட்டியின் தலைமுறைதான் ஞாபகம் வருகிறது.

பாட்டி 2021இல் போய்ச் சேர்ந்தார். சிவப்பு ஐ.சி.யோடுதான்.

இப்போது மாமா என்னை விடுவதில்லை. "சும்மா இருக்காதீங்க மாப்பிள்ளை, நீலத்துக்கு எழுதிப் போடுங்க" என்கிறார். மலேசியரைக் கட்டிய வெளிநாட்டுப் பெண்ணுக்கு அரசியலமைப்பின் 15ஆம் விதிப்படி பதிந்துகொள்ளும் வழி இருக்கிறது. கணவனுக்கு அது கிடையாது. நான் 19ஆம் விதிப்படி இயல்புரிமை கேட்க வேண்டும்: பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், போதிய மலாய் வேண்டும். கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும், இரண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். அவசரமென்றால் விசா கேட்டு நிற்காமல் விமானம் ஏற வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

மாமாவின் கணக்கு வேறு. விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், வாய்ப்பு இருக்கும்போதே பதிந்துகொள்ளாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். போன வாரம்கூட பாரத்தை வாங்கி வந்து டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் இன்னும் எழுதவில்லை. எடுத்துப் பரணில் போடவும் இல்லை.